நாத்தனார் பெயரில் கடன் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் கிராமம். வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) எட்டு பவர் மிஷின் போட்டு, திருப்பூரிலிருந்து வரும் பீஸ்களைத் தைத்துக் கொடுக்கிறேன். என்னோடு ஏழு பெண்கள் தைக்கிறார்கள். 2021-இல் நெட் சென்டரில் 500 ரூபாய் கொடுத்து, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் எடுத்தேன். இன்னும் ஆறு மிஷின் போட்டால் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்கிறார்கள். ஆறுக்கும் சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர், "பத்து லட்சத்துக்கு பி.எம்.இ.ஜி.பி. போடலாம், மூன்றரை லட்சம் மானியம் வரும். உங்கள் பெயரில் ஏற்கெனவே தொழில் இருக்கிறது, அதனால் நாத்தனார் பெயரில் புது யூனிட் என்று காட்டிவிடலாம்" என்கிறார். அவருக்கு 40 ஆயிரம் தர வேண்டுமாம். அப்புறம், பவர் மிஷின் தெரிந்த பெண்கள் கிடைப்பதில்லை. அரசுப் பயிற்சி எங்கே கிடைக்கும்? எங்கள் ஊருக்குக் காலை பஸ் 9.20-க்குத்தான். கிராம சபையில் சொல்லலாம் என்றால், "கூட்டத்தில் பேசி என்ன ஆகப்போகிறது" என்கிறார்கள் வீட்டில். பீஸ் பில் பணம் வேறு இரண்டரை மாதம் கழித்துத்தான் வருகிறது. நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், தாராபுரம் வட்டம்)

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் நாத்தனார் விஷயம். அந்த ஆள் இந்த வாரமே கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தாலும் வருவார். கையெழுத்துப் போடாதீர்கள். நாத்தனாரையும் போடவிடாதீர்கள்.

பி.எம்.இ.ஜி.பி. 2008-இல் வந்த மத்திய அரசுத் திட்டம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கானது அது. மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி., நீட்ஸ் இரண்டும் அப்படித்தான். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம் உண்டு, அது உண்மை. மூன்றரை லட்சம் என்று அவர் சொல்வது அந்தக் கணக்கில்தான். ஆனால் அந்தப் பணம் யார் கையிலும் வராது. கடன் வாங்கியவர் பெயரில் வங்கியிலேயே மூன்று வருடம் வைப்புத் தொகையாக இருக்கும். அதற்கு வட்டி தரமாட்டார்கள், கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். மூன்று வருடம் தொழில் நடந்து, நேரில் வந்து பார்த்து, யூனிட் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இதை உங்களிடம் அவர் சொன்னாரா?

உங்களுக்குத் தேவை 3 லட்சத்து 20 ஆயிரம். அவர் போடச் சொல்வது பத்து லட்சம். பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், மீதி ஒன்பதரை லட்சமும் கடன். இல்லாத மிஷினுக்குக் கொட்டேஷன் வாங்காமல் இந்தக் கணக்கு நேராகாது. மானியம் கழிந்தாலும் ஆறு லட்சமும் வட்டியும் கட்ட வேண்டும். ஆய்வில் தவறிப் போனால் ஒன்பதரை லட்சமும் நாத்தனார் தலையில் விழும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு சின்ன வங்கிக் கடன்கூடச் சுலபமாகக் கிடைக்காது. குடும்பத்துக்குள் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் மாவட்டத் தொழில் மையத்தில் வேலை பார்த்த காலத்தில், உங்கள் பக்கம் இல்லை, வேறொரு மாவட்டத்தில், இப்படி ஒரு வீட்டுக்கு ஆய்வுக்குப் போனேன். புது யூனிட், பத்து மிஷின் என்று கோப்பில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பெயின்ட் வாசம். மிஷின் தலைகளெல்லாம் பளபளவென்று பச்சையாக இருந்தன. குனிந்து ஊசித் தகட்டைப் பார்த்தேன். துணி ஓடி ஓடித் தேய்ந்து, விரலை வைத்தால் பள்ளம் தெரிந்தது. வருடக்கணக்காகத் தைக்காமல் தகடு அப்படித் தேயாது. கடன் வாங்கிய பெண்ணிடம் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வரும் என்று கேட்டேன். அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றிருந்தவர் அவருடைய அண்ணி. உண்மையில் தொழில் செய்தவர் அவர்தான். அருமையான தையல்காரர். என் சட்டையின் காலர் தையலைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "நூல் டென்ஷன் சரியில்லீங்க" என்றார். மானியம் ரத்தாயிற்று. வங்கி முழுக் கடனையும் திருப்பிக் கேட்டது. இடையில் நின்று செய்து கொடுத்தவரின் போன் அதற்கு முன்பே அணைந்துவிட்டது. அந்த அறிக்கையை எழுதியவன் நான். எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த அண்ணி தன் பெயரில், தன் தொழிலைச் சொல்லி, முன்பே எங்களிடம் வந்திருந்தால் வேறு வழியில் உதவியிருப்போமே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, உங்கள் பெயரில் என்ன வழி? ஏற்கெனவே நடக்கிற தொழிலை விரிவாக்கத் தனி வழிகள் உண்டு. தமிழ்நாடு அரசின் மூலதன மானியம் குறு உற்பத்தித் தொழில்களுக்கு மாநிலத்தில் எங்கே இருந்தாலும் உண்டு. இயந்திர மதிப்பில் 25 சதவீதம், பெண் தொழில்முனைவோருக்குக் கூடுதலாக 5 சதவீதம். மிஷின்களைக் கணிசமாகக் கூட்டுகிற பழைய யூனிட்டும் கேட்கலாம். எட்டிலிருந்து பதினான்கு என்பது கணிசம்தான். 3 லட்சத்து 20 ஆயிரத்தில் 30 சதவீதம் என்றால் 96 ஆயிரம். மூன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் சிறியதாகத் தெரியும். ஆனால் இது உங்கள் பெயரில், உங்கள் மிஷினுக்கு, பயமில்லாமல் வருகிற பணம். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். திருப்பூரில் பழைய மிஷின் பாதி விலைக்குக் கிடைக்கும், அதற்கு மானியம் கிடையாது. புது மிஷினை ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்க வேண்டும். அப்புறம், இந்த மானியம் மிஷின் ஓடத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து, தாமதமாகத்தான் வரும். அதை நம்பி முதல் மாதத் தவணையைத் திட்டமிடாதீர்கள். வாங்குவதற்கு முன்பே கொட்டேஷனோடு திருப்பூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், "விரிவாக்கத்துக்கு மூலதன மானியம் கேட்க வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும், எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "ஏதாவது லோன் இருக்குங்களா" என்று கேட்டால் புதியவர்களுக்கான படிவத்தைத்தான் நீட்டுவார்கள். நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தால் அங்கேயே அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேளுங்கள். அதில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, விரிவாக்கத்துக்கும் பொருந்தும்.

கடனுக்கு, உங்கள் பீஸ் பில் பணம் எந்த வங்கியில் விழுகிறதோ அதே கிளைக்குப் போங்கள். இந்த அளவுக் கடன் முத்ராவிலேயே அடங்கிவிடும். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லியிருக்கிறது. மேலாளர் பத்திரம் கேட்டால் சண்டை போட வேண்டாம், சொத்து ஜாமீனுக்குப் பதிலாக வங்கிக்குப் பொறுப்பேற்கிற கடன் உத்தரவாத நிதியின் கீழ் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உத்யம் பதிவு இலவசம் அம்மா. அந்த 500 ரூபாய் போனது போகட்டும். இனி அதில் மாற்றம் செய்யவோ, மிஷின் மதிப்பைச் சேர்க்கவோ யாருக்கும் பணம் தராதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மிஷின்கள் வீட்டு ஆசாரத்தில் இருக்கின்றன. வீட்டு மீட்டரில்தான் ஓடுகின்றனவா? கடிதத்தில் இல்லை, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி, அந்த வகைக்குரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுவார்கள். ஆறு மிஷின் ஏறினால் யூனிட் ஏறும், யூனிட் ஏறினால் யாராவது பார்ப்பார்கள். அதோடு வங்கிக்காரரும் தொழில் மையத்துக்காரரும் முதலில் கேட்கிற காகிதங்களில் தொழில் மின் இணைப்பு அட்டை ஒன்று. எனவே மிஷினுக்கு முன் மீட்டர். 12 கிலோவாட்டுக்கு உட்பட்ட குறுந்தொழிலுக்கு III-ஏ(1) என்ற கட்டண வகை இருக்கிறது. பதினான்கு மிஷினும் ஒரு அயர்ன் டேபிளும் சேர்ந்தாலும் நீங்கள் அந்த அளவைத் தாண்டமாட்டீர்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அந்த வகையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், பீஸ் பில் இரண்டரை மாதம் கழித்து வருகிறது என்று. என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே பெரிய பிரச்சினை அதுதான். எட்டு மிஷினுக்கே எழுபத்தைந்து நாள் கூலியும் நூலும் உங்கள் கையிலிருந்து போகிறது. பதினான்கு மிஷின் என்றால் அந்தச் சுமையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். வாரக் கூலி சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும். மிஷின் கடன் வாங்கி, கூலிக்காகக் கந்து வட்டிக்குப் போய், அதனால் விழுந்த யூனிட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் இல்லாமல் விழுந்தது குறைவு.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006 இதற்காகவே இருக்கிறது. உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநில அரசு அமைத்திருக்கிற வசதியாக்கக் குழுவில் புகார் கொடுக்கலாம். சட்டம் இருக்கிறது என்பதற்காக நாளைக்கே புகார் எழுதச் சொல்லமாட்டேன். துணி கொடுக்கிறவரும் பெரும்பாலும் மேலே இன்னொருவரிடம் மாட்டிக்கொண்டவர்தான். புகார் கொடுத்த மறுநாள் பீஸ் நின்றுவிடும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். டெலிவரி சலானில் பீஸ் எண்ணிக்கை, தேதி, வாங்கியவர் கையெழுத்து இல்லாமல் மூட்டையை வண்டியில் ஏற்றாதீர்கள். "பெரிய ஆர்டர் தருகிறேன்" என்பவரிடம், "45 நாளில் பில் பணம்" என்று ஒரு வரி வாட்ஸப்பிலாவது வாங்குங்கள். 45 நாளைத் தாண்டினால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடக் கணக்கில்தான் காட்ட முடியும் என்று 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் விதி வந்தபிறகு, முறையாகக் கணக்கு வைத்திருக்கிற கம்பெனிகள் உத்யம் எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் வேகமாகவே நடக்கின்றன. அந்த ஒரு வரியைத் தர அவர் தயங்கினால், ஆறு மிஷின் வேண்டாம், மூன்று போதும்.

இனி பயிற்சி. பெரும்பாலான மாவட்டங்களில் முன்னோடி வங்கி நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தொடங்கிய மாதிரியிலிருந்து நாடு முழுக்க வந்தது. சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம், நன்றாகவும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே மகளிர் தையல் என்றால் ஜாக்கெட், சுடிதார், வீட்டிலிருந்து தனியாகச் சம்பாதிக்கிற வழி. உங்களுக்கு வேண்டியது ஓவர்லாக்கில் நாள் முழுக்கத் தோள்பட்டை ஒன்றையே ஒரே சீராகப் போடுகிற கை. இரண்டும் வேறு. அங்கே பயிற்சி முடித்த பெண்ணை எடுத்தால் துணியின் போக்குத் தெரிந்திருக்கும், வேகம் நீங்கள் கொடுக்க வேண்டும்.

அதனால் உங்களுக்கு நான் பொருத்தமாக நினைப்பது தொழிற்பழகுநர் திட்டம். பெரிய மில்லுக்கானது என்று நினைத்துவிடுகிறார்கள். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அது கட்டாயம், நான்கு பேர் முதல் உள்ள இடத்தில் விருப்பப்பட்டால் எடுக்கலாம். நீங்கள் எட்டுப் பேர். பழகுநருக்குத் தருகிற உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. 2016-இலிருந்து இருக்கிற ஏற்பாடு. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் இணையப் பதிவுக்கு உதவுவார்கள். ஏற்கெனவே உங்களிடம் தைக்கிற ஏழு பேருக்கும், தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற ஏற்பாடு உங்கள் பக்கம் வரும்போது பெயர் கொடுத்து வையுங்கள். பதினைந்து வருடம் தைத்தும் கையில் ஒரு காகிதம் இல்லாத பெண்கள் அவர்கள்.

கற்றுக் கொடுப்பது உங்கள் ஆசாரத்தில்தான் நடக்கப்போகிறது. முதல் மூன்று நாள் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டவிடுங்கள். ஊசி ஓட்டை கோட்டின் மேலேயே விழுகிறதா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கே தெரியும். பவர் மிஷினில் கை பழகுவதற்கு முன் கால் பழக வேண்டும். பெடலை முழுதாக அழுத்துகிற பயம் போன பிறகு கழிவுத் துணி, பிறகு நேர்த்தையல், பிறகு வளைவு. இந்த நாட்களுக்குப் பீஸ் ரேட் பேசாதீர்கள், ஷிப்ட் கூலி கொடுங்கள். பழகும் வாரத்தில் பீஸ் கணக்குப் போட்டால் சனிக்கிழமை கையில் நூறு ரூபாய்தான் இருக்கும், திங்கட்கிழமை அந்தப் பெண் மில் வேனில் ஏறிவிடுவாள். 18 வயது ஆகாத பிள்ளை யாராவது அம்மாவோடு வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவையுங்கள். பத்துப் பேர் ஆகும்போது இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வரும், உங்கள் பங்கு கூலியில் 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. அதைச் செலவாக நினைத்து ஒன்பதிலேயே நிற்கிறவர்கள் உண்டு. ஊசி விரலில் ஏறுகிற தொழில், பிரசவம் வருகிற வயதுப் பெண்கள். நீங்கள் தாராளமாகப் பத்தைத் தாண்டுங்கள்.

கடைசியாகக் கிராம சபை. பேசி என்ன ஆகும் என்று உங்கள் வீட்டார் கேட்பது வீம்புக்காக இல்லை, பேசி ஒன்றும் ஆகாத அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் மின் கட்டண உயர்வுக்காக ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. சிறு தொழில்காரர்கள் எழுந்து எதிர்த்தார்கள். செப்டம்பர் 10-ஆம் தேதி கட்டணம் ஏறிவிட்டது. அதோடு விட்டிருந்தால் உங்கள் வீட்டார் சொல்வதுதான் சரி. விடவில்லை. மனு, பேச்சுவார்த்தை, 2023-இல் கதவடைப்புப் போராட்டம் என்று தொடர்ந்தார்கள். அந்த வருடக் கடைசியில் 12 கிலோவாட்டுக்கு உட்பட்ட சிறு இணைப்புகளை III-ஏ(1)-க்கு மாற்றிக்கொள்ளவும், உச்ச நேரக் கூடுதல் கட்டணத்தைக் குறைக்கவும் அரசு இறங்கி வந்தது. மேலே உங்களுக்கு நான் சொன்ன அதே கட்டண வகை. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. கிடைத்த அளவுக்கு, வருடம் தாண்டியும் விடாமல் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அக்டோபர் 2 முக்கியம், அடுத்த வருட ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான வேலை அங்கேதான் தொடங்கும். ஆனால் பஸ்ஸுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், அடுத்து வருகிற கூட்டத்துக்கே போங்கள். தனியாகப் போகாதீர்கள், மகளிர் குழுவினரோடு முன் வரிசையில் உட்காருங்கள். வாயால் சொன்னதைக் குறித்துக்கொள்வார்கள் என்று நம்பாதீர்கள். ஒரு தாளில் எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொடுத்து, படிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தை நடத்துவது தலைவரோ தனி அலுவலரோ, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா, என்ன எண் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். குழுவுக்குத் தையல் பயிற்சி தேவை என்பதையும் தனித் தீர்மானமாகப் போடுங்கள். மகளிர் திட்ட அலுவலகத்தில் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

பஸ் நேரத்தை மாற்ற ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை என்று அங்கேயே ஒருவர் சொல்வார். உண்மைதான். தீர்மான நகல் வந்ததும், ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் மனுவோடு அதை இணையுங்கள். மனுவில் உங்கள் யூனிட்டை மட்டும் எழுதாதீர்கள். ஊரிலிருந்து தாராபுரம் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை, மில்லுக்கும் கடைக்கும் போகிற பெண்கள் எத்தனை, சுற்று ஊர்களிலிருந்து உங்களிடம் வருகிறவர்கள் எத்தனை என்று இரண்டு நாள் சாயங்காலம் தெருத்தெருவாகக் கேட்டு எண்ணிக்கையைப் போடுங்கள். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், 8.30 வேலைக்கு 9.20 பஸ் வந்தால் அந்த இலவசத்தால் அவர்களுக்கு என்ன பயன் என்று அதையும் எழுதுங்கள். புது பஸ் கேட்க வேண்டாம், இருக்கிற பஸ்ஸின் முதல் நடையை ஒரு மணி நேரம் முன்னால் எடுக்கக் கேளுங்கள். அது சின்னக் கோரிக்கை, நடக்க வாய்ப்பு அதிகம்.

அன்றைக்குத் திருப்பூர் போகிற வழியிலேயே கொட்டேஷன், உத்யம், மின் இணைப்பு விண்ணப்ப ரசீது மூன்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு தொழில் மையத்துக்கும் போய்விட்டு வாருங்கள். இரண்டு வேலைக்கு ஒரு நாள் கூலி போனால் போதும். மனு எண் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். பஸ் டெப்போவில் யாரைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்று அப்போது சொல்கிறேன்.